ஃபிரிஸ்கோவிலிருந்து டஸ்கலூசா கேமுக்கு: காரா, விமானமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அக்டோபரில் ஹோம்கமிங் (பழைய மாணவர்கள் திரும்பி வந்து கூடும் விழா) ஃபுட்பால் கேமுக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்கிறாள். நான், மனைவி, 12 வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என நான்கு பேர். எனக்கும் மனைவிக்கும் கார் ஓட்டத் தெரியும். காரில் போகலாமா, ஃப்ளைட் பிடிக்கலாமா?

பதில்: என் பையனும் அங்கேதான் படித்தான். நாடு தழுவிய தேர்வில் மேலே வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கான நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்ட் ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் டெக்ஸஸை விட்டுக் கிளம்பிய பிள்ளைகளில் ஒருவன். அவன் படித்த நாலு வருஷத்தில் கேமுக்காக மட்டும் ஆறு தடவை போயிருக்கிறோம். நாலு தடவை காரில், இரண்டு தடவை விமானத்தில். அந்த ஆறு பயணத்தில் நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகிற பயணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கேம் முடிந்து ஒரு லட்சம் பேரோடு வெளியே வருகிற அந்த நேரத்திலிருந்து வீட்டுக் கதவு வரை எப்படி வரப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

போகும்போது யாருக்கும் கஷ்டமே தெரியாது. வெள்ளிக்கிழமை காலை, நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு, மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷம். பத்து மணி நேரமும் பறந்துவிடும். திரும்பும்போதுதான் பயணம் தன் உண்மையான நீளத்தைக் காட்டும்.

முதலில் தூரம். டல்லாஸிலிருந்து டஸ்கலூசாவுக்கு ஏறக்குறைய 600 மைல். ஃபிரிஸ்கோ வடக்கே இருப்பதால் இன்னும் 20, 30 மைல் சேரும். ஒரே சாலை, ஐ-20 நெடுஞ்சாலை. ஷ்ரீவ்போர்ட், மன்ரோ, விக்ஸ்பர்க், ஜாக்சன், மெரிடியன், அப்புறம் டஸ்கலூசா. வழி தவறவே முடியாது. நான்கு மாநிலமும் ஒரே நேர மண்டலம். அட்லாண்டாவிலிருந்து டஸ்கலூசா போகிறவர்கள் மாநில எல்லையில் ஒரு மணி நேரம் கடிகாரத்தை மாற்ற வேண்டியிருக்கும், நமக்கு அந்தக் குழப்பம் கிடையாது. நிற்காமல் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அம்மாவும் பையனும் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தியாக வேண்டும். ஆக பத்தரை, பதினொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் என்றால் டஸ்கலூசாவுக்கு நேராகப் போக முடியாது. பர்மிங்ஹாமில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 60 மைல் ரென்டல் காரில் வர வேண்டும். பறக்கும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. அதைக் கேட்டதும் எல்லாரும் மயங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் 40 நிமிடம், முன்கூட்டியே போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி நேரம், பறப்பது, பெட்டி எடுப்பது, ரென்டல் கவுன்டர் வரிசை, அப்புறம் ஒரு மணி நேர ஓட்டம். எப்படிச் சுருக்கினாலும் ஐந்தரை, ஆறு மணி நேரம் போய்விடும். ஆக ஒரு வழிக்கு நீங்கள் மிச்சம் பிடிப்பது ஐந்து மணி நேரம். அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் ‘பத்து மணி நேரமா, இரண்டு மணி நேரமா’ என்பது போலவும் இல்லை. இந்தக் கணக்கு டல்லாஸிலிருந்து பர்மிங்ஹாமுக்கு நேரடி விமானம் கிடைத்தால்தான். அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ மாறிப் போகிற டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் அந்த ஐந்து மணி நேரத்தில் பாதியை அங்கேயே தொலைத்துவிடுவீர்கள்.

பணத்தைப் பற்றி. போக வர 1,240 மைல் என்று வைப்போம். டொயோட்டா சியன்னா ஹைப்ரிட் போல காலனுக்கு 36 மைல் தரும் வண்டி என்றால் 35 காலன் போதும். காலன் 3 டாலர் என்றால் 105 டாலர். பெரிய எஸ்யூவியாக இருந்தால் 150. இதை மட்டும் பார்த்துவிட்டு ‘கார்தான் சல்லிசு’ என்று முடிவுகட்டுகிறவர்கள் டயர், ஆயில், வண்டியின் தேய்மானம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ், கார் ஓட்டும் செலவை 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் என்று வைத்திருந்தது. அதன்படி 868 டாலர். ஆனால் அதில் நீங்கள் எப்படியும் கட்டப்போகிற இன்சூரன்ஸும் சேர்ந்திருக்கிறது. நான் அதில் பாதியை எடுத்துக்கொள்வேன், அதாவது 430 டாலர் சுமாருக்கு. விமானத்தில் ஆளுக்கு 250 டாலர் என்று வைத்தாலே நான்கு பேருக்கு 1,000. மூன்று நாள் ரென்டல் கார், விமான நிலையத்தில் நிறுத்தும் கட்டணம், பெட்டிக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். சவுத்வெஸ்ட்டில் இரண்டு பெட்டி இலவசம் என்ற பழைய நினைவில் இருக்காதீர்கள். 2025 மே 28 முதல் எடுக்கும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டிக்குப் பணம் உண்டு. டிக்கெட் விலையை உங்கள் தேதிக்குப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் நான்கு பேர் என்றால் கார் கணக்கு பாதிக்கும் கீழேதான் நிற்கும். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் வித்தியாசம் ரொம்பக் குறைந்துவிடும், அப்போது நானே விமானம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி முக்கியமான விஷயம், கேம் எத்தனை மணிக்கு?

இது தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டிய நேரத்தில் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அலபாமா விளையாடும் எஸ்இசி (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின்) லீக் ஆட்டங்களை ஏபிசி, இஎஸ்பிஎன் சேனல்கள் ஒளிபரப்புகின்றன. எந்த ஆட்டத்தை எந்த நேரத்தில் போடுவது என்பது அவர்கள் கையில். இப்போதெல்லாம் சீசன் தொடங்கும் முன்பே காலை ஆட்டமா, மதிய ஆட்டமா, இரவு ஆட்டமா என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். சில ஆட்டங்களை மட்டும் ‘மதியமோ இரவோ’ என்று தொங்கலில் விட்டுவிடுவார்கள். சரியான மணி பெரும்பாலும் 12 நாள் முன்னால்தான் வரும், சில வாரம் ஆறே நாள் முன்னால்.

காலை 11 மணி ஆட்டம் என்றால் ஒரு வாழ்க்கை, மாலை 6 மணிக்கு மேல் என்றால் வேறு வாழ்க்கை. ஒரு கல்லூரி ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். 11 மணி ஆட்டம் மதியம் இரண்டரைக்கு முடிந்துவிடும், மகளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக்கூட வெளிச்சத்திலேயே கிளம்பலாம். ஆறே முக்கால் மணி ஆட்டம் முடிய இரவு பத்தேகால் தாண்டும். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, வண்டியை எடுத்து, நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் பதினொன்றரை. இடியும் மின்னலும் வந்தால் இன்னும் மோசம். எட்டு மைலுக்குள் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்குவார்கள்.

எங்கள் மூன்றாவது பயணம் அப்படி ஒரு இரவு ஆட்டம். அடுத்த நாள் வீட்டில் ஒரு விசேஷம் இருந்ததால், ஓட்டல் எடுக்காமல் ராத்திரியே கிளம்பிவிட்டோம். என் கணவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன், எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. ஜாக்சனைத் தாண்டி எங்கேயோ, மணி மூன்று இருக்கும். சாலை ஓரத்தில் வெட்டி வைத்திருப்பார்களே வரிகள், அதன் மேல் சக்கரம் ஏறி வண்டி முழுக்கக் ‘கடகடகட’ என்று அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலைக்குப் பதிலாகப் புல் தெரிகிறது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த எக்ஸிட்டில் ஒரு கேஸ் ஸ்டேஷன் விளக்கடியில் நிறுத்தி, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். ஃபிளாஸ்கில் பாக்கி இருந்த காபியை ஊற்றிக் கொடுத்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு கேம் முடிந்த ராத்திரி 100 மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம். தூக்கம் மட்டும் இல்லை, ராத்திரியில் மான்களும் சாலைக்கு வரும். மிசிசிப்பியில் ஐ-20-க்கு இரண்டு பக்கமும் பைன் காடு. இருட்டில் எப்போது எது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

அந்த 100 மைல் கணக்கு சும்மா வைத்தது இல்லை. டஸ்கலூசாவிலிருந்து மேற்கே 95 மைலில் மெரிடியன் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். கார் பயணத்தின் சூட்சுமமே அந்த ஊர்தான்.

டஸ்கலூசா 2020 கணக்கெடுப்பில் 99,600 பேர் வாழும் ஊர். கேம் நடக்கும் பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்தின் இருக்கைகள் 1,00,077. அதாவது கேம் அன்று ஊரின் மொத்த மக்கள்தொகையைவிடக் கூடுதலான பேர் ஒரே கட்டடத்துக்குள் இருப்பார்கள். டிக்கெட் இல்லாமல், வளாகத்தின் நடுவே இருக்கும் குவாட் புல்வெளியில் கூடாரம் போட்டு டெயில்கேட் செய்ய, அதாவது சாப்பிட்டுக் கொண்டாட மட்டும் வருகிறவர்கள் தனி. இவ்வளவு பேருக்கு அந்த ஊரில் எங்கே ஓட்டல் இருக்கும்? இருக்கிற அறைகளுக்கும் அந்த வாரக்கடைசியில் பல மடங்கு வாடகை, அதுவும் இரண்டு இரவு எடுத்தாக வேண்டும் என்பார்கள். அதனால் வெளியூரில் தங்குவது தப்பில்லை, எந்த வெளியூர் என்பதுதான் கேள்வி. விமானம் என்றால் பர்மிங்ஹாமில் தங்குங்கள், மறுநாள் விமானம் அங்கேதானே. கார் என்றால் மெரிடியனில் தங்குங்கள், கேம் முடிந்து நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலும் வீட்டை நோக்கிய மைலாக இருக்கும். காரில் போகிறவர்கள் பர்மிங்ஹாமில் அறை போட்டால் ராத்திரி 60 மைல் கிழக்கே போய், காலையில் அதே 60 மைலைத் திரும்பி வர வேண்டும். எத்தனையோ நண்பர்கள் இதைச் செய்துவிட்டு ‘கார் சரிப்பட்டு வரலை’ என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மெரிடியனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் டல்லாஸுக்கு 500 மைல் பாக்கி. நிறுத்தி நிறுத்தி வந்தாலும் மாலை ஆறு மணிக்குள் ஃபிரிஸ்கோ வந்துவிடலாம். மேற்கே ஓட்டுவதால் டெக்ஸஸுக்குள் நுழைந்த பிறகு வெயில் நேராக முகத்தில் அடிக்கும், கூலிங் கிளாஸை எடுத்து முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போன இரண்டு தடவையில் ஒன்று அருமையாக நடந்தது. மற்றதில் ஞாயிறு மாலை விமானம் ரத்து. ஊரே அன்றைக்குத்தான் திரும்புகிறது, அடுத்த விமானங்களில் நான்கு சீட் சேர்ந்து எங்கே கிடைக்கும்? மறுநாள் மதியம்தான் கிடைத்தது. இரண்டு பேருக்கும் ஒரு நாள் லீவு, பர்மிங்ஹாமில் இன்னொரு ராத்திரி வாடகை. விமானம் ரத்தானாலோ, உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலோ, மாற்று விமானமும் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், டிக்கெட் பணத்தை நீங்கள் கட்டிய வழியிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி இருக்கிறது. பணம் வரும். திங்கட்கிழமை வேலை, பள்ளி? அதனால் விமானம் என்று முடிவெடுத்தால் ஞாயிற்றுக்கிழமை கடைசி விமானத்தைப் போடாதீர்கள். மதிய விமானத்தைப் போடுங்கள், அது போனாலும் பின்னால் ஒன்று இருக்கும். பேசிக் எகானமி என்ற மிக மலிவான டிக்கெட் வேண்டவே வேண்டாம். அதற்கு மேல்படி டிக்கெட்டில் மாற்றுக் கட்டணம் இல்லாமல் நேரத்தை மாற்றலாம், விலை வித்தியாசம் மட்டும் கொடுக்க வேண்டியிருக்கும். கிக்காஃப் (ஆட்டம் தொடங்கும்) நேரம் தெரியாத பயணத்துக்கு அது ரொம்ப அவசியம்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வயசானவர்களுக்கு விமானம்தான் சுகம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். என் மாமியாரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பது, செருப்பைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பதற்றம், குறுகின சீட்டு, நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாத சங்கடம், இதெல்லாம் அவரை அலுப்பாக்கிவிட்டது. காரில் நடு வரிசையில் சீட்டைச் சாய்த்து, காலுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார வைத்தால் சௌகரியமாக வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விட வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. விக்ஸ்பர்க்கில் ஆற்றைத் தாண்டியதும் மிசிசிப்பி மாநிலத்தின் வெல்கம் சென்டர் இருக்கிறது, மேட்டு மேலே. அங்கே நின்றால் கீழே மிசிசிப்பி ஆறும் பாலங்களும் தெரியும். புளியோதரைப் பொட்டலத்தை அங்கே பிரியுங்கள், பாதி வழிக்கு மேலேயே வந்திருப்பீர்கள். ஜாக்சனைத் தாண்டி பிராண்டனில் ஒரு இந்துக் கோயில் உண்டு, ஐ-20-இலிருந்து அதிகம் விலக வேண்டாம். நடை திறந்திருக்கும் நேரத்தை முன்னாடியே பார்த்துக்கொண்டால் அம்மாவுக்குப் பயணமே ஒரு யாத்திரை ஆகிவிடும். எப்படிப் போனாலும் அவருடைய பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்மாவை ஸ்டேடியத்துக்குள் கூட்டிப்போகும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். படிகள் செங்குத்து, கூட்டம் நெருக்கும், நாலு மணி நேரம் யாரும் உட்கார விட மாட்டார்கள். காலையில் ஹோம்கமிங் ஊர்வலம் பார்க்கட்டும், டென்னி சைம்ஸ் மணிக்கூண்டுப் பக்கம் நிழலில் நாற்காலி போட்டு உட்காரட்டும், பேத்தியின் தோழிகள் எல்லாரும் வந்து ‘பாட்டி’ என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். கேம் நேரத்தில் மகளின் அபார்ட்மென்டில் படுத்து ஓய்வெடுக்கலாம், உங்களில் ஒருவர் கூட இருக்க வேண்டும். இன்னொன்று, மகள் உங்களோடு உட்கார மாட்டாள். மாணவர்களுக்குத் தனிப் பகுதி, தனி டிக்கெட். முதல் தடவை இது தெரியாமல் போய் எனக்கு மனசு சுருங்கிவிட்டது. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தச் சிவப்புச் சட்டைக் கடலில் என் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தேடிக்கொண்டே இருந்ததில் கேமே முடிந்துபோனது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வேறு ஊர்களுக்கு இதே கேள்வி கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் முதலில் பார்ப்பது மைலை இல்லை, ஸ்டேடியத்துக்கும் நல்ல விமான நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை. மிச்சிகனின் ஆன் ஆர்பர், டென்னசியின் நாக்ஸ்வில், ஒஹாயோவின் கொலம்பஸ் மாதிரி விமான நிலையம் அரை மணி நேரத்தில் இருந்தால் விமானம் ஜெயிக்கும். பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் மாதிரி, பக்கத்திலிருக்கும் சின்ன விமான நிலையங்களை விட்டால் பிட்ஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றால், 400, 500 மைல்காரர்கள் வீட்டிலிருந்தே ஓட்டிவிடலாம். 2024-இல் லீக்குகளை மாற்றியமைத்த பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் அணிகள் நியூ ஜெர்சி வரை போய் விளையாடுகின்றன, அந்த ரசிகர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

உங்களுக்கு என் பதில் கார். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட முடிகிறது, நான்கு பேர் போகிறீர்கள், ஒரே சாலை. ஆனால் வெள்ளிக்கிழமை முழு நாள் லீவு கிடைத்தால்தான். வேலை முடித்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி ராத்திரி முழுக்க ஓட்டுவதாக இருந்தால் பேசாமல் விமானத்தில் போங்கள். இன்றைக்கே மெரிடியனில் சனிக்கிழமை இரவுக்கு, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். வெள்ளி இரவுக்கு டஸ்கலூசாவில் கிடைக்காவிட்டால் அதே மெரிடியன் போதும், காலையில் ஒன்றரை மணி நேரம்தான். கிக்காஃப் 11 மணி என்று வந்து, ஊர்வலத்தைப் பார்க்க விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்றால் மட்டும் அந்த ஒரு இரவை மாற்றிக்கொள்ளலாம்.

டிக்கெட்டுகளைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேடியம் வாசலில் நெட்வொர்க் திணறும். கையளவு சின்னப் பர்ஸைத் தவிர, உள்ளே இருப்பது கண்ணாடி போலத் தெரியும் பைக்கு மட்டும்தான் அனுமதி, 12-க்கு 12 அங்குலம், 6 அங்குல அகலம், அதற்கு மேல் கூடாது. வளாகத்துக்குள் பெரும்பாலான பார்க்கிங் முன்பதிவு செய்தவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் போய்விடும், அதனால் வண்டியை மகளின் அபார்ட்மென்டில் விட்டுவிட்டு நடப்பதுதான் சுலபம். கேம் அன்று வெளியார் வண்டி நிறுத்த அங்கே அனுமதி உண்டா, பாஸ் வாங்க வேண்டுமா என்று அவளை இப்போதே அபார்ட்மென்ட் ஆபீஸில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் அனுமதியில்லாத கார்களை இழுத்துக்கொண்டு போகும் டோ வண்டி அன்றைக்குக் காலையிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கும்.